பெருநாள் வாரத்துப் பேருந்து

கூட்டத்தில் என் வரைபடத்தைப் பார்த்து எல்லாரும் தலையாட்டினார்கள். போர்ட் கிள்ளான் ரயில் நிலையத்திலிருந்து கிடங்குகளுக்குப் போகும் பேருந்தை நிறுத்துவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணி, அதற்கு அர்த்தம் சொல்வது என் வேலை. வரைபடத்தில் பயணிகள் எண்ணிக்கைக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அது போதாதென்று, இதில் டிரைவரும் ஏர்கோன் மெஷினும் மட்டும்தான் பயணம் போகிறார்கள் என்று மலாயில் ஒரு ஜோக்கையும் எடுத்துவிட்டேன். சிரிப்பு அடங்க நேரமானது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய தமிழ்ப் பெண் அதிகாரி என் பக்கம் திரும்பி, "கிளியரா இருக்கு, நிறுத்திடலாம் லா" என்றார்.

பெருமையோடு அடுத்த படத்தைப் போட்டேன். காலிப் பேருந்து, நானே எடுத்த புகைப்படம். அதில், நிறுத்தத்தின் கூரையில் பெருநாளுக்குக் கட்டும் பச்சைக் கெத்துபாட் தோரணம் தொங்கியது.

நான் எண்ணப் போனது நோன்புப் பெருநாள் வாரம் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து போகிற வழியெல்லாம் ஜாம் இருக்காது, கார் நிறுத்த இடம் கிடைக்கும் என்று நானே பார்த்துத் தேர்ந்தெடுத்த வாரம். கிடங்குகளை மூடிவிட்டு ஆட்கள் கம்பத்துக்கு, அவரவர் சொந்த ஊருக்கு, போயிருந்தார்கள்.

கணினி மாட்டிக்கொண்டது போல விசைகளைத் தட்டினேன். தண்ணீர் குடித்தேன், அது பக்கத்து அதிகாரியின் கிளாஸ். தோரணத்தை மறைக்கத் திரைக்கு முன்னால் போய் நின்றேன். இப்போது அது என் சட்டையில் தொங்கியது.

யாரும் எதையும் கவனிக்கவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டால் பேருந்துச் சேவையே போய்விடும். பெருநாள் வாரத்தில் எண்ணிவிட்டேன், இந்தக் கணக்கு உதவாது என்றேன். அடுத்த ஜோக் என்று நினைத்து முன்னதைவிடப் பலமாகச் சிரித்தார்கள். மறுபடியும் சொன்னேன். தலைமை அதிகாரி மட்டும் சிரிப்பை நிறுத்தினார்.

"அப்போ மத்த நாள்ல பஸ்ஸு காலியா இல்லையா?"

"தெரியல மேடம்."

படித்த படிப்புக்கெல்லாம் அன்று மிஞ்சியது அந்த ஒரு பதில்தான். மறுபடி எண்ணிக்கொண்டு வரச் சொல்லி முடிவைத் தள்ளிவைத்தார்கள்.

கிடங்குகள் திறந்த பிறகு ஒரு காலையில் அதே பேருந்தில் ஏறினேன். ஏறினேன் என்பதைவிட, உள்ளே தள்ளினார்கள். தலைகளை எண்ணக் கழுத்தைத் திருப்பக்கூட இடமில்லை. என் தோளோடு தோளாக நசுங்கிக்கொண்டிருந்த சீருடைக்கார அக்கா, பஸ்ஸை நிறுத்தப் போகிறார்களாம் என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

"இதுல டிரைவரும் ஏர்கோனும்தான் போறாங்கன்னு மீட்டிங்ல எவனோ சொன்னானாம் அண்ணே."

"அப்படியா அக்கா" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஏர்கோனைப் பார்த்தேன்.

அதுவும் வேலை செய்யவில்லை.