பிளாஷ் அடித்தபோது பின்னால் நின்றது

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, மூணாறு பக்கம் கான்கிரீட் வேலை, இரண்டும் சலித்துப்போய் போடியில் ஒரு ஸ்டூடியோவில் ஒட்டிக்கொண்டேன். கேமரா சீக்கிரம் பழகிவிட்டது. பிளாஷ்தான் ரொம்ப நாள் பிடிபடவில்லை. கேமரா தலையில் மாட்டி நேராக அடித்தால் முகம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வரும். கல்யாண மண்டபத்தில் கூரையைப் பார்த்துத் திருப்பி அடித்துச் சமாளிப்பேன். மலையில் கூரைக்கு எங்கே போக?

அன்று சிலமலைக் குடும்பம் ஒன்று, புது மாப்பிள்ளை பெண்ணைக் குரங்கணிக்கு மேலே இருக்கும் தங்கள் ஏலத்தோட்டத்துக்குக் கூட்டிப் போனது. கூட மாப்பிள்ளையின் தாய்மாமன், படம் எடுக்க நான், ஜீப் டிரைவர், அவ்வளவுதான். தோட்டத்து எல்லையில் சாமிக்கல் ஒன்று உண்டு. செருப்பை ஜீப்பிலேயே கழற்றிவிட வேண்டும். தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டால் திரும்பிப் பார்க்காமல் இறங்க வேண்டும். பார்த்தால் காய் பிடிக்காது என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை.

கும்பிட்டு முடித்ததும், இறங்குவதற்கு முன்னால் படம் எடுக்கச் சொன்னார்கள். மாலைதான். ஆனால் பனிமூட்டம் இறங்கி மரத்தடியெல்லாம் இருண்டு கிடந்தது. கல்லுக்குப் பக்கத்தில் இருவரையும் நிற்க வைத்தேன். முதல் படத்தில் பனித்துளி மேல் வெளிச்சம் பட்டு வெறும் வெள்ளைப் புள்ளிகள். பிளாஷைக் கழற்றி ஒயரில் மாட்டி, இடது கையில் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்து அடித்தேன். திரையைப் பார்த்தேன். இருவரும் நன்றாகச் சிரித்திருந்தார்கள். பெண்ணின் தோளுக்குப் பின்னால், ஏலச்செடிகளுக்கு நடுவில், பச்சையாக இரண்டு கண்கள்.

உயரத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. காட்டுமாடு. அவளுக்கும் அதற்கும் பத்தடி இருந்தால் அதிகம்.

நிமிர்ந்து பார்த்தால் வெறும் இருட்டும் இலையும்தான். அது போயிருக்குமா, நிற்கிறதா என்று பார்க்க எனக்கு இருந்த ஒரே வழி இன்னொரு தடவை பிளாஷ் அடிப்பது. மிரண்டால் நேராக அந்தப் பெண் மேல்தான் வரும். பட்டுச்சேலை, வெறுங்கால், சரிவு. போன மழைக்கு ஏலக்காய் எடுக்கப் போய்க் காட்டுமாடு முட்டிய ஒருவரைப் போடி ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்பிலிருந்து இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். இடுப்புக்குக் கீழே போர்வையால் மூடியிருந்தார்கள். கையிலிருந்த பிளாஷ் கீச்சென்று சார்ஜ் ஏறி, சிவப்பு விளக்கு எரிந்தது. கட்டைவிரலால் அணைத்தேன்.

என் பக்கத்தில் நின்ற மாமன், பிளாஷ் மக்கர் பண்ணுதா தம்பி என்று சிரித்தார். தன் செல்போனைத் தூக்கி, அதில் பிளாஷ் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். போனோடு சேர்த்து அவர் கையை அமுக்கிப் பிடித்தேன்.

"வேணாண்ணே. வெளிச்சம் போச்சு, படம் போதும். உங்க வழக்கப்படி திரும்பிப் பாக்காம இறங்குங்க."

"இன்னும் நாலு படம் எடுக்கச் சொல்லு மாமா," என்றார் மாப்பிள்ளை.

"சாமி காரியம் முடிஞ்சு நின்னுக்கிட்டே இருக்கக் கூடாதுங்க," என்றேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

மாமன் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, சிரிப்பு நின்றது. "இறங்கு மாப்ளே, வெரசா," என்றார்.

இருவரும் என்னை நோக்கி நடந்து, என்னைத் தாண்டி மாமனோடு கீழே போனார்கள். பெண் சேலையைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கால் வைத்தாள். கடைசியாக நான், இருட்டைப் பார்த்தபடி பின்பக்கமாகவே இறங்கினேன். எனக்கு அந்த வழக்கம் கிடையாது. மேலே ஒரு கிளை முறிந்தது. கீழே போனவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜீப்பில் எல்லோரும் ஏறின பிறகுதான் சொன்னேன். மாமன் நம்பவில்லை. ஏதாவது இலையில் பட்ட வெளிச்சமாக இருக்கும் என்றார். திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணுக்கு மேலே கொம்பின் வளைவுகூட மங்கலாகத் தெரிந்தது. கேமராவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்த பெண், என்னிடம்தான் சொன்னாள்.

"மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சுண்ணே. இவருன்னுல்ல நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் சொல்லாமலே டிரைவர் வண்டியை எடுத்தார்.