ஆன் மேரியின் கரும்பலகை

எதிரில் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆன் மேரி உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொள்வாள். "மிக்ஸில ஊறாத உளுந்தைப் போட்டேன், குப்புன்டு புகை வந்திருச்சு" என்று ஒருத்தி சொன்னால், 'ஊறாத உளுந்து' கையில் ஏறிவிடும். மறுநாள் காலை அது கடை வாசலில் இருக்கும் கரும்பலகைக்குப் போகும். எவ்வளவு கழுவினாலும் நீலம் போவதில்லை. அந்தக் கையைக் குவித்துத்தான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை காண்பாள்.

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் அவள் கணவர் மரிய ஜெரால்டு மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிறார். தொண்ணூற்று நான்கில் எதிர்ச்சாரியில் இன்னொரு கடை முளைத்தது. "வாசல்ல ஒரு போர்டை வச்சு எதையாச்சும் எழுது" என்று சொன்னவர் அவர்தான். 'இங்கு மிக்ஸி பழுது பார்க்கப்படும்' என்று முதலில் எழுதினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 'ஜாரை நிரப்பாதீர்கள், பாதி போதும்' என்று எழுதினாள். சைக்கிளை நிறுத்திப் படித்தார்கள். பத்தாவதோடு படிப்பை விட்டவளுக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. அதிலிருந்து நாளுக்கொன்று. உருண்டை உருண்டையான எழுத்து, கடைசி வரிக்கு அடியில் ஒரு அலைக்கோடு.

படிக்க ஆள் கூடியது. மிக்ஸி வரத்து மட்டும் குறைந்துகொண்டே போனது. ஏன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எழுத்து சரியில்லையோ என்று சாக்பீஸ் நிறத்தை மாற்றிப் பார்த்தாள்.

ஒரு புதன்கிழமை இப்படி எழுதினாள்: 'ஓடும் மிக்ஸி திடீரென்று நின்றால் பயப்படாதீர்கள். சற்று ஆறவிட்டு, அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்.' டீ குடித்துக்கொண்டிருந்த ஜெரால்டு டம்ளரோடு எழுந்து வந்தார்.

"யாரைக் கேட்டு இதை எழுதுன? வாரதுல பாதி இந்தப் பட்டனுக்குத்தான் வருது."

"உள்ளதைத்தானங்க எழுதியிருக்கேன்?"

"உள்ளதுதான். எல்லாரும் வீட்டுலயே அமுக்கிக்கிட்டா, நான் கோயம்புத்தூருக்கு மோட்டார் கம்பெனி வேலைக்குப் போக வேண்டியதுதான்."

கைலி முனையால் அவரே அழித்தார். அதற்குள் முப்பது பேராவது படித்திருப்பார்கள்.

ஆன் மேரிக்கு அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது, தான் எழுதியதும் நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் வெறுமனே 'வணக்கம்' என்று எழுதினாள். நாலைந்து பேர் அதையும் நின்று படித்துவிட்டு, "இம்புட்டுத்தானா?" என்று கேட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை வலையபட்டியிலிருந்து ஒரு அம்பாசிடர் வந்து நின்றது. டிக்கியில் இரண்டு கிரைண்டர், பின்சீட்டில் மூன்று மிக்ஸி, முன்சீட்டில் தேனம்மை ஆச்சி. மகள் கல்யாணச் சீருக்கென்று வருஷக்கணக்காக வாங்கிச் சேர்த்து வைத்த சாமான், ஒன்றும் ஓடவில்லையாம். இன்னும் வீட்டில் இருக்கிறதாம். ஜெரால்டுக்குக் கையும் காலும் ஓடவில்லை.

ஆன் மேரி மெல்ல ஆச்சியிடம் கேட்டாள். "புதன்கிழமை எழுதுனதைப் படிச்சிட்டா வந்தீக?"

"என்னத்தா எழுதியிருந்துச்சு?"

"சிவப்புப் பொத்தான்..."

"காருக்குள்ள இருந்து எனக்கு எழுத்துத் தெரியுமாத்தா? போறப்ப வாரப்பல்லாம் ஆளு கூடி நின்டாக. கூட்டம் நிக்கிற கடை நல்ல கடையாத்தான் இருக்கும்ன்டு வந்தேன்."

கார் போனபிறகும் அவள் அங்கேயே நின்றாள்.

"ஏங்க, இனி என்னத்தைங்க எழுதட்டும்?"

ஜெரால்டு திருப்புளியால் தலையைச் சொறிந்தார். "எதையாச்சும் எழுது. நீளமா எழுது."

பலகையைத் துடைத்துவிட்டு சாக்பீஸோடு நின்றாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் சைக்கிள் ஒன்று நிற்கும் சத்தம். அப்புறம் இன்னொன்று. திரும்பினாள், காய்கறிப் பையோடு இரண்டு பேர் கழுத்தை நீட்டிப் பலகையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறைக்கிறோமோ என்று ஆன் மேரி ஓரமாக விலகி நின்றாள்.