ஏழாம் நம்பர் பிளக்

எங்கள் பெரியம்மாவுக்கு ஆறு பிள்ளைகள். நாலாவது மகளின் மூத்த பெண்ணைத்தான் நாங்கள் எறும்பு என்று கூப்பிடுவோம். எனக்கு மகள் முறை. ஆள் அவ்வளவுதான் இருப்பாள், ஆனால் ஒரு இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எங்கள் சொந்தத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள், வெளிநாடு போனவர்கள் இருக்கிறார்கள். எனக்கு என்னவோ இவளைப் பற்றிச் சொல்லும்போதுதான் நெஞ்சு நிமிர்கிறது.

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைச் சலவைக்கு எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அவள் மெக்கானிக். ஆறு பெட்ரோல் வேன்கள். அவற்றில் ஒன்றை ஓட்டியது அவளுடைய தாய்மாமன், அதாவது பெரியம்மாவின் கடைசி மகன். இருபத்திரண்டு வருஷம் ஒரே ஸ்டியரிங். மற்ற ஐந்து வேன்களும் நெடுஞ்சாலையில் ஓடும். மாமனுடையது மட்டும் ஊருக்குள்ளே, சந்து சந்தாக, நூறடிக்கு ஒரு தடவை நின்று நின்று போகிற வண்டி.

ஒருநாள் கடைக்காரர் பேச்சைக் கேட்டு முதலாளி புது ஸ்பார்க் பிளக் வாங்கி வந்தார். பழையதில் ஐந்து என்று போட்டிருக்கும், இதில் ஏழு. நம்பர் கூடினால் சரக்கு ஒசத்தி என்று கடைக்காரர் சொன்னாராம். பரீட்சை மார்க் மாதிரி. எறும்பும் மறுபேச்சில்லாமல் ஆறு வண்டிக்கும் மாட்டிவிட்டாள்.

ஒரு மாசம் போனது. மாமன் வண்டி மட்டும் பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது. முதலாளியின் மைத்துனர்தான் முதலில் வாயைத் திறந்தார்: மாமன் வழியில் டியூப் போட்டு உறிஞ்சி விற்கிறார் என்று. மாமன், காலையில் வண்டி கிளம்பவே மாட்டேன் என்கிறது, நடுவில் இருமுகிறது என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. ஐந்து டிரைவர்கள் பார்க்க, முதலாளி சாவியைக் கேட்டு வாங்கி மேஜையில் போட்டார்.

மாமன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். அவர் பெண்சாதி தெருமுனைக் கடைக்குப் போவதையே விட்டுவிட்டாள். திருடன் என்ற பேர் ஒட்டினால் சோப்புப் போட்டாலும் போகுமா?

எறும்பு மறுநாள் ஆறு வண்டி பிளக்குகளையும் கழற்றினாள். கலந்து போகாமல் இருக்க, முட்டை அட்டையில் வண்டிக்கு ஒரு வரிசையாகக் குத்தி வைத்தாள். ஐந்து வரிசை பிஸ்கட் நிறம். மாமன் வண்டியின் நாலு பிளக்கும் அடுப்புக்கரி.

அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஏழாம் நம்பர் சூட்டைச் சட்டென்று வெளியே தள்ளிவிடும் ரகம். வேகமாக ஓடுகிற வண்டிக்குப் பொருந்தும். நின்று நின்று போகிற வண்டியில் அந்தப் பிளக்கின் மூக்கு, அதாவது பொறி விழுகிற நுனி, சூடேறாது. சூடேறாவிட்டால் கரி எரியாது, படியும். படிந்தால் பொறி சரியாக விழாது, பெட்ரோல் பாதி வீண். சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைக்கிற ஐந்தாம் நம்பர்தான் அந்த வண்டிக்குச் சரி. இதை மாட்டும்போதே பார்த்திருக்க வேண்டியவள் அவள்தான்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மாமன் மானம் போகும். அட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

"பெட்ரோலை மாமா குடிக்கல சார். நான் மாட்டுன பிளக் குடிச்சது."

மைத்துனர் சிரித்தார். சொந்தக்காரனைக் காப்பாற்ற நல்ல கதை என்றார்.

"அப்போ நீங்களே ஓட்டிப் பாருங்க. மாமா வண்டி, மாமா போற வழி, அதே சுமை."

முதலாளி சரி என்றார். கரி பிடித்த பிளக்கையே திருப்பி மாட்டி, டேங்கைக் காலி செய்து, ஐந்து லிட்டர் அளந்து ஊற்றினார்கள். மைத்துனர் ஓட்டினார். முப்பத்தேழு கிலோமீட்டரில் வண்டி படுத்துவிட்டது. அதற்குள் மூன்று தடவை நடுச்சந்தில் நின்று, பின்னால் வந்தவர்களிடம் அவர் வாங்கிய பேச்சு எழுதுகிற மாதிரி இல்லை. மறுநாள் ஐந்தாம் நம்பர் பிளக். அதே ஐந்து லிட்டர், அதே ஆள். நாற்பத்தெட்டு.

மைத்துனர் இறங்கிக் கதவைச் சாத்தினார், யார் முகத்தையும் பார்க்கவில்லை. முதலாளி மாமனை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். மாமன் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சாவி மேஜையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் முதலாளி. மாமன் அசையவில்லை.

"வாங்கும்போது அஞ்சு பேர் பாத்தாங்க. குடுக்கும்போதும் பாக்கட்டும்."

ஐந்து பேரும் கூப்பிடப்பட்டார்கள். முதலாளி எழுந்து வந்து சாவியை அவர் கையில் வைத்தார். தப்பு என்னோடது என்று வாய்விட்டும் சொன்னார். எறும்பைத் திட்டத்தான் செய்தார். ஆனால் இனி இவள் பார்க்காமல் ஒரு பிளக் கூட வாங்கக்கூடாது என்றும் அதே மூச்சில் சொன்னார். அது இன்றைக்கும் நடக்கிறது. கடைக்காரரே அவளைக் கேட்டுத்தான் டப்பாவை எடுக்கிறாராம்.

மாமன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியே அவளைக் கூப்பிட்டார்.

"திருடன் ஆக்குனதும் நீ. இல்லன்னு ஆக்குனதும் நீ. ரெண்டுக்கும் சேத்து ஞாயித்துக்கிழமை வண்டியக் கழுவு."

"உள்ளேயும் கழுவணுமா மாமா?"

"வேற? வெளிய மட்டும் பாத்துட்டு முடிவு பண்ண நான் என்ன மைத்துனரா?"

ஐந்து டிரைவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது இடுப்பில் துணியைச் செருகிக்கொண்டு சீட்டுக்கு அடியில் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமன் வாளியில் தண்ணீர் பிடித்துப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.