பனிமேல் ஊற்றிய சுடுநீர்

காலை 6.10. ஜெர்மனியின் பான் நகர நிலையத்தில் ரயில் ஏறும்போதே எனக்கு அலுத்துவிட்டது. முதியோர் இல்லத்தில் ஆறு நாள் தொடர்ந்து வேலை. ஏழாம் நாள் படுத்துக் கிடக்காமல், 39 யூரோ 90 சதம் கொடுத்து, கோல்னில் மாறி, ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேர்லினுக்கு. எல்லாம் சுகந்தி அக்காவால் வந்த வினை. அவர் என் பெரியம்மாவின் மகள். பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் ஒரு சிறிய அரங்கைத் துப்புரவு செய்கிறார். நோர்வேயின் வடக்கிலிருந்து ஸாமிப் பழங்குடிப் பெண் ஒருத்தி வந்து இரண்டு நாளாக ஐஸைச் சுரண்டுகிறாளாம். ஏனென்று இங்கிலீஷில் கேட்டுச் சொல்ல ஆள் வேண்டுமாம்.

பிற்பகல் 1.40. மேடையில் கட்டில் அகலத்துக்குப் பனிக்கட்டி. அதனடியில் பனிமான் தின்னும் வெளிறிய பாசி. இங்கா என்ற அந்தப் பெண் மண்டியிட்டு, மான்கொம்பால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஒத்திகைதான். ஆனால் விரலில் ரத்தம் வந்தது. நான் வாய் திறக்குமுன் அக்கா வாளியோடு மேடையேறி, தரை துடைக்க வைத்திருந்த சுடுநீரை ஐஸ்மேல் ஊற்றிவிட்டார்.

"பாவம், பிள்ளையின்ர கை கிழியுது. இப்ப இளகும்," என்றார்.

அரங்கப் பொறுப்பாளர் கத்தத் தொடங்கினார். இங்கா அவரைக் கையமர்த்திவிட்டு என்னிடம் நிதானமாகச் சொன்னாள். இப்போதெல்லாம் நடுக்குளிரிலும் அங்கே மழை பெய்கிறது. மறுநாளே அது பனியின்மேல் ஐஸாக உறைந்து மூடிவிடுகிறது. கீழே தீனி மணக்க, மேலே நின்றபடி மான்கள் பட்டினியால் சாகின்றன. போன குளிரில் அவள் அப்பாவின் மந்தையில் பாதி போய்விட்டது.

"மழை வந்த அன்று குளிர் விட்டதென்று நாங்களும் சந்தோஷப்பட்டோம்," என்றாள். மாலை நிகழ்ச்சியிலும் அந்த மழையைப் போல அக்காவே சுடுநீரை ஊற்ற வேண்டுமென்று கேட்டாள்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் அக்கா வாளியைக் கீழே வைத்தார்.

"ஏலாது தம்பி. தெரியாமல் ஊத்தினது வேற. இனி என்னால ஏலாது. நீ ஊத்து."

மாலை 5.00. நாற்பது பேர் இருக்கலாம். இங்கா மான்களைக் கூப்பிடும் பாட்டைப் பாடிக்கொண்டே சுரண்டினாள். நான் போய் ஊற்றினேன். இனி ஐஸ் இளகிவிடும் என்பதுபோல் முன்வரிசையில் ஒரு பெண்மணி நிம்மதியாக மூச்சு விட்டார். பின்னால் யாரோ கைதட்ட, அரங்கமே சேர்ந்து தட்டியது. எனக்கு வெட்கமாக இருந்தது. இங்கா நிமிரவில்லை.

மாலை 7.00. அக்கா நிலையம்வரை வழியனுப்ப வந்தார். ரயில் கதவு மூடும் நேரத்தில்தான் கேட்டார்:

"அதுகள் கைதட்டேக்க நீ ஏன் தம்பி ஒண்டும் சொல்லேல்லை?"