புறவாசலுக்கு ஒரு விளக்கு

குத்துக்கல்வலசையில் வீடு வாங்கிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே ஆள் வரிசையாகக் கட்டி விற்ற ஐந்து வீடுகளில் எங்களுடையது மூன்றாவது. முன்னறைக் கூரையில் மட்டும் பதினொரு விளக்குகள் வைத்திருந்த அந்த மனிதர் புறவாசலில் ஒன்று வைக்க மறந்துவிட்டார். துவைக்கிற கல், துணிக்கொடி, மோட்டார் சுவிட்ச் எல்லாம் அங்கேதான். சாரல் தொடங்கிவிட்டால் மாலை ஆறு மணிக்கே அங்கே ஒன்றும் தெரியாது. போன குற்றால சீசனில் ஒரு நாள், பள்ளிக்கூடம் முடிந்து வந்து மோட்டார் போடப் போனவள் வெறுங்காலால் ஒரு தவளையை மிதித்தேன். விளக்கு வரும்வரை இனி மோட்டார் போடுவது என் வேலை இல்லை என்று அன்றைக்கே கணவரிடம் சொல்லிவிட்டேன்.

வழக்கமாக வரும் எலக்ட்ரீசியன் நாளைக்கு வருவதாகச் சொன்னார். அந்த நாளை மூன்று வாரம் நீண்டது. சீசன் நேரத்தில் குற்றாலத்து லாட்ஜுகளில் தினமும் ஏதாவது ஒரு ஹீட்டர் கெட்டுப்போகிறதாம். கடைசியில் அவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

என் கணவர் ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பட்டாளத்தில் இருந்தவனுக்குத் தெரியாத வேலை இல்லை என்பது அவருடைய உறுதியான எண்ணம். போனில் இரண்டு வீடியோ பார்த்தார். தென்காசிக்குப் போய், இரும்பு உடம்போடு ஒரு விளக்கு வாங்கி வந்தார். பின்னறையில் வாஷிங் மெஷின் செருகியிருக்கும் பிளக்கிலிருந்து லைன் எடுத்தார். மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைத்தார், அதை மறுக்க மாட்டேன். ஆனால் வயரை ஜன்னல் வழியாக வெளியே விட்டதால் ஜன்னல் அன்றுமுதல் மூடவில்லை. வெளியே சுவரோரம் ஒரு ஒட்டுப்போட்டு டேப் சுற்றினார். விளக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மூன்றாவது பச்சை வயரை, இது எதற்கு என்று கேட்டு, கத்தரித்துப் போட்டார்.

இரண்டு நாள் நன்றாக எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களை அழைத்துக் காட்டினார்.

மூன்றாம் நாள் சாரல் சாய்ந்தடித்தது. கிரைண்டரில் மாவு பாதி அரைபட்டிருக்கையில் வீடு முழுவதும் கரண்ட் போனது. மின்சாரம் கசிந்தால் தானாக விழுகிற டிரிப்பர் விழுந்திருந்தது. தூக்கிவிட்டால் உடனே விழுந்தது. நாலைந்து முறை தூக்கிப் பார்த்துவிட்டு அவர் ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்தார்.

“டிரிப்பர்தான் கோளாறு. அத எடுத்துட்டு நேரா குடுத்துட்டா தீந்துரும்.”

நான் போர்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். எனக்கு மின்சாரம் தெரியாது, நான் தமிழ் வாத்தியார். ஆனாலும் விழுகிற ஒன்றை விழவிடாமல் செய்வது வைத்தியம் அல்ல என்பது தெரிந்தது. மாவுக் கையோடு நின்று, முதலில் அந்த விளக்கைக் கழற்றிப் பாருங்கள் என்றேன். வாக்குவாதம் கால் மணி நேரம் போனது. கடைசியில் கழற்றினார். டிரிப்பர் அசையாமல் நின்றது. அதற்கப்புறம் இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை, ஏதோ நான்தான் மழையை வரவழைத்த மாதிரி.

பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், கடையநல்லூர் எலக்ட்ரீசியன் ஒருவரைச் சொன்னார். வளைகுடாவில் பல வருடம் இதே வேலை பார்த்துத் திரும்பியவர். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஒன்பது மணிக்கே வந்ததில் எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அவர் பின்னறைக்குப் போகும் லைனை அணைத்தார். கையிலிருந்த டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற வேறொரு பிளக்கில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகுதான் எங்கள் பிளக்கில் வைத்துச் சோதித்து, அதைக் கழற்றினார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அக்கா, இந்த மெசின தொடும்போது கையில சுர்ருனு இருக்குமா?”

இருக்கும் என்றேன். ஈரக்கையோடு தொட்டால் எறும்பு ஊர்வது போல இருக்கும், ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கணவர் அதை நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி எனக்கு மாத்திரைகூட வாங்கிக் கொடுத்திருந்தார். அவர் டிரிப்பரையே எடுக்கப் பார்த்ததையும் சொல்லிவிட்டேன். இப்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எர்த்து வயரே குடுக்கல பாத்துக்கிடுங்க. உள்ள மடக்கி வச்சிருக்கு. அண்ணாச்சி டிரிப்பர எடுத்திருந்தா, ஈரத்துல லைட்ட தொட்ட ஆளு பொழைச்சிருக்க மாட்டாங்க.”

சுவருக்குள் ஒழுங்காக வந்திருந்த பச்சை வயர், பிளக்குக்குப் பின்னால் இருந்த பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. இரண்டு திருகாணியை முடுக்குகிற வேலை, அதைச் செய்யவில்லை. சமையலறையிலும் அப்படி ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்த பிறகுதான் விளக்குக்கு வந்தார். பிளக்குக்குப் பக்கத்தில் தனி சுவிட்சும் சின்ன ஃபியூசும் வைத்தார். தண்ணீர் உள்ளே இறங்காதபடி வெளிப்பக்கம் சரிவாகச் சுவரைத் துளைத்து, பைப்புக்குள் ஒட்டில்லாத ஒரே வயரை விட்டார். மழைக்கென்றே வரும் வேறு விளக்கு ஒன்றை வாங்கி வரச் சொல்லி, சன்ஷேடுக்கு அடியில் மாட்டினார். பச்சை வயரையும் சேர்த்தார். டிரிப்பரில் இருக்கிற டெஸ்ட் பொத்தானை அழுத்தி, அது விழுவதைக் காட்டி, மாதம் ஒருமுறை இப்படிப் பார்க்கச் சொன்னார். என் கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வீட்டைக் கட்டி விற்றவருக்குப் போன் செய்தேன். எர்த் வயரைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சமும் அசரவில்லை.

“டீச்சர், ரெண்டு வருசமா ஒண்ணும் ஆவலல்லா. பெறவு என்ன?”

போனை வைத்த கையோடு வரிசையில் இருந்த மற்ற நான்கு வீடுகளுக்கும் போனேன். கணவரும் கூட வந்தார், கேட்காமலே. மூன்று வீட்டுக்காரர்கள் கடையநல்லூர்க்காரரை அழைத்துத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். அதில் இரண்டு வீட்டில் அதே கதை. கடைசி வீட்டுக்காரர் மட்டும், நன்றாக ஓடுகிறதை எதற்குக் கிளற வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டிலும் பின்னறையில் வாஷிங் மெஷின்தான். இதுவரை நான்கு முறை போய்ச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் காபி கொடுத்து அனுப்புகிறார்கள்.