துரைசாணி வீட்டு நாய்க்குப் பூசிய பொமாத்

எனக்குக் கல்யாணமாகி உறுவையாற்றுக்கு வந்த மூன்றாம் வருஷம், என் வீட்டுக்காரர் கையில் புது வாசனை ஒன்று வர ஆரம்பித்தது. வில்லியனூர் போகிற வழியில் ஒரு பிரெஞ்சுக்காரத் துரையின் தோட்ட வீடு இருந்தது. அங்கே அவருக்கு மாடு பார்க்கிற வேலை. சாணியும் வைக்கோலும் மணக்க வந்து நின்ற மனுஷர், திடீரென்று ரோஜாவும் மெழுகும் கலந்த மாதிரி மணந்தார். சோறு பிசைந்து சாப்பிட்ட பிறகும் அது விரலிடுக்கில் இருந்தது.

அஞ்சு நாள் நான் வாய் திறக்கவில்லை. எவள் தலையில் இருந்து ஒட்டிக்கொண்டு வந்தது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள், மத்தியானச் சோற்றைத் தூக்கில் எடுத்துக்கொண்டு நானே போனேன். அதுவரை நான் அந்த வீட்டுக் கேட்டைத் தாண்டியதில்லை.

பின் தாழ்வாரத்தில் ஒரு மேஜை. அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து, ஒரு வெள்ளை நாயை உட்கார வைத்திருந்தார்கள். காதிலிருந்து தொங்கிய முடி ஒரு முழம் இருக்கும். என் வீட்டுக்காரர் ஒரு தகர டப்பியிலிருந்து களிம்பை எடுத்து, உள்ளங்கையில் வைத்து உருகுகிறவரை தேய்த்தார். பிறகு காதின் அடியிலிருந்து நுனிவரை மெதுவாக நீவினார். முடியைச் சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்து, துணிக்கிழிசலில் சுருட்டி முடிந்தார். நெற்றி முடியை வகிடெடுத்து நீல ரிப்பன் கட்டும்போது, சீப்பு கண்ணில் பட்டுவிடாமல் இடது கையால் நாயின் கண்ணை மறைத்துக்கொண்டார்.

பொம்பளை யாரும் இல்லை என்று தெரிந்ததும் நான் நிம்மதியாகத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கண்ணை மறைத்த அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை. அந்தக் கை என் தலைமுடியை ஒரு நாளும் தொட்டதில்லை.

கன்றுக்குட்டியின் காதில் அவர் உண்ணி பிடுங்குவதைத் துரைசாணி பார்த்தாளாம். குட்டி அசையாமல் நின்றதாம். அதனால் நாயையும் அவரிடம் ஒப்படைத்தாளாம். களிம்புக்குப் பொமாத் என்று பேர், சீமையிலிருந்து கப்பலில் வருகிறது, துரைசாணி தன் தலைக்கும் அதைத்தான் பூசிக்கொள்கிறாள் என்றெல்லாம் வீட்டுக்கு வந்து விவரமாகச் சொன்னார். என்னிடம் அவ்வளவு பேச்சு அவர் பேசியதே கிடையாது. நாய்க்கு எந்தப் பக்கம் முடி சிக்கு விழும், எந்தக் காதைத் தொட்டால் தூங்கிப்போகும், எல்லாம் சொல்வார். நான் விளக்கெண்ணெய் தடவிய என் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்புறம் சீமையில் சண்டை வந்தது. கப்பல் நின்றது. டப்பி வழித்தெடுக்கிற நிலைக்கு வந்ததும் அவர் என்னிடம்தான் கேட்டார், முடி படிந்து நிற்பதற்கு நம்ம பக்கத்தில் என்ன செய்வோம் என்று. வெண்டைக்காயை வேகவைத்து வடித்தால் வருகிற கொழகொழப்பு போதும் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் செய்தேன். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கும்போது, கரும்பாலையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பாகில் ஒரு கரண்டி ஊற்றிக் கலக்கினேன். எறும்பு வரும் என்று தெரிந்தேதான் ஊற்றினேன். வெண்டைக்காய் மட்டும்தான் என்று அவரிடம் சொன்னேன்.

மறுநாள் அவர் சாயங்காலம் வரவில்லை, இருட்டித்தான் வந்தார். முழங்கைவரை தடிப்புத் தடிப்பாக இருந்தது. பூசிவிட்ட இடத்திலேயே நாய் தூங்கியதாம். சுள்ளெறும்பு மொய்த்துவிட்டதாம். முடிக்குள் புகுந்ததை ஒவ்வொன்றாக எடுக்க முடியாமல் கத்தரியால் ஒட்ட வெட்டிவிட்டாராம். வெட்டும்போதெல்லாம் அது அவர் கையை நக்கிக்கொண்டே இருந்ததாம்.

"தொரசாணி இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"என் தப்புன்னு சொல்லிட்டேன். தண்ணியில வெல்லம் கலந்தது நான்தான்னு."

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. வாயில் வைத்துப் பார்த்திருப்பார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி முடித்திருப்பேன்.

காலையில் அவர் கூடவே கிளம்பினேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. துரைசாணி தாழ்வாரத்தில் நாயை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். முடியில்லாமல் அது தோலுரித்த கோழி மாதிரி, ரோஸ் நிறத்தில், அங்கங்கே சிவப்புப் புள்ளியோடு நடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு சின்ன உடம்பா அது என்று அப்போதுதான் பார்த்தேன்.

நான்தான் கலந்தேன் என்று சொன்னேன். துரைசாணிக்குத் தமிழ் கொஞ்சம் வரும். ஏன் என்று கேட்டாள்.

"பொறாமைங்க," என்றேன்.

அந்த வார்த்தை அவளுக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அங்கே வேலை பார்த்துப் பார்த்து அவருக்கு நாலு வார்த்தை பிரெஞ்சு தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டே அவர், "ஜலூஸ்," என்றார். சொன்ன பிறகு காதெல்லாம் சிவந்துபோனது.

துரைசாணி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மடியிலிருந்த நாயைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு மருந்துக் களிம்பு கொண்டுவந்து என் கையில் கொடுத்து, கடிபட்ட இடத்தில் பூசச் சொன்னாள். நாய்க்கா அவருக்கா என்று தெரியாமல் நான் இரண்டு பேருக்கும் பூசினேன். நாய் முதலில் உறுமியது, அப்புறம் விட்டுவிட்டது. புண் ஆறுகிறவரை தினமும் வந்து பூச வேண்டும் என்று துரைசாணி சொன்னாள். அவர் வேலை போகவில்லை.

திரும்பி வரும்போது கரும்பு வயல் ஓரமாக நடந்தோம். கேட்டுவிடலாம் என்று கேட்டேன், என் தலையை ஒரு நாளாவது வாரணும்னு தோணினதில்லையா என்று.

அவர் நடந்துகொண்டே, "உனக்குக் கை இருக்குது. அதுக்கு இல்ல," என்றார்.

நியாயமான பதில்தான். ஆனால் அது என் பொறாமையைத் தீர்க்கவில்லை. அடுத்த பொங்கலுக்குள் நாய்க்கு முடி வளர்ந்துவிட்டது. பாகு கலக்காத வெண்டைக்காய்த் தண்ணீரை நானே காய்ச்சிக் கொடுத்தேன். சில நாள் நான் பிடித்துக்கொள்ள அவர் வாரினார். நாய் என் கையில் அடக்கமாகத்தான் இருக்கும், பார்வை மட்டும் அவர் மேல் இருக்கும். அவர் பார்வையும் அதன் மேல்தான். நான் அது நகராமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.