கம்பனிக்கு மகள் இல்லை

கனடாவின் ஸ்காபரோவில் இரண்டு தடவை, மூன்று தடவை றோட் ரெஸ்ற் என்ற கார் ஓட்டும் சோதனையில் தவறி, இந்தப் பிறப்பில் தனக்குக் கார் இல்லை என்று முடிவுகட்டிய பெண்களை யாராவது கார் பழக்கும் கோணேஸ்வரியிடம் அனுப்பிவைப்பார்கள். அவள் சத்தம் போடமாட்டாள். பிழையான பக்கம் திருப்பினாலும், "சரி, இப்ப இந்த றோட்டையும் பாத்தாச்சு, அடுத்ததில திரும்புவம்" என்பாள். கணவர்மாரிடம் பழகப் போய் வீடு முழுக்கச் சண்டையோடு வந்தவர்கள் அந்தக் குரலைக் கேட்டதும் பாதிப் பயத்தை விட்டுவிடுவார்கள்.

திருகோணமலையிலிருந்து வந்த காலத்தில் அவளும் பஸ்ஸை நம்பி இருந்தவள்தான். பிள்ளை பிறந்த பிறகு லைசன்ஸ் எடுத்தாள். பிறகு பழக்குகிறவர்களுக்கான லைசன்ஸையும் எடுத்தாள். பழக வருகிற பெண்கள் கூடக் கூட, தன்னிடமே பழகிய பிரசாந்தினி என்ற மட்டக்களப்புப் பெண்ணைப் பழக்குகிற வேலைக்குச் சேர்த்து, இரண்டாவது காரும் வாங்கினாள். அந்த வருடம் வந்த வரியைப் பார்த்துத்தான், மோர்னிங்சைட்டில் ஒரு பிளாசாவின் மாடியில் இருந்த யூஜினியிடம் போனாள். யூஜினி கணக்காளர். மன்னார்க்காரி. கதைக்கும்போது பேனையை மூடித் திறந்துகொண்டே இருப்பாள்.

யூஜினி முதலில் கேட்டது வரியைப் பற்றி அல்ல.

"அக்கா, உழைக்கிறது முழுக்கச் செலவாகுதோ, மிஞ்சுதோ?"

"மிஞ்சுது. மிஞ்சிறதுக்கும் சேர்த்துத்தானே வரி கட்டுறன்."

"மிஞ்சுதெண்டா கம்பனியாப் பதியலாம். கம்பனி எண்டிறது சட்டத்தில தனி ஆள். லாபம் அதின்ர. சின்னக் கம்பனி எண்டபடியா நூறு டொலர் லாபத்துக்குப் பன்னிரண்டு சொச்சம் கட்டினாச் சரி. அதிலயிருந்து நீங்கள் கைக்கு எடுக்கிற காசுக்கு மட்டும் நீங்கள் உங்கட வரியைக் கட்டுவீங்கள்."

"எடுக்காமல் விட்டா?"

"எடுக்கிற வருசம் கட்டுவீங்கள். வரி இல்லாமல் போகாது அக்கா. எப்ப எண்டிறதுதான் உங்கட கையில வரும்."

அரசாங்கத்துக்குக் கொடுக்கவேண்டியதில் 'எப்ப' என்பதைத் தன் கையில் தரக்கூடிய சட்டம் ஒன்று இருக்கும் என்று கோணேஸ்வரி கனவிலும் நினைத்ததில்லை.

பதிவு அன்றைக்கே முடிந்துவிட்டது. பெயர் தேடி மினக்கெடாமல் அரசாங்கம் தந்த பதிவு எண்ணையே பெயராக எடுத்தார்கள். நீளமான ஓர் எண், அதற்குப் பின்னால் மாகாணத்தின் பெயர் ஒன்ராறியோ. கம்பியூட்டர் திரையில் அந்தப் பெயருக்குக் கீழே பிறந்த தேதி மாதிரி அன்றைய தேதி விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு இல்லை. கை கால் இல்லை. ஆனால் கார் வாங்கலாம், விற்கலாம், வழக்குப் போடலாம், வரி கட்டலாம்.

"அப்ப எங்கட ஊரில வயல் அம்மன்ர பேரில இருக்கிற மாதிரி" என்றாள் மெதுவாக.

"எங்கட பக்கம் அந்தோனியார் பேரில தென்னந்தோட்டம் இருக்கு" என்றாள் யூஜினி. "அதேதான். தேங்காய் விழுந்தா ஆற்ர தேங்காய்?"

"அந்தோனியாற்ர."

"அதை மட்டும் மறந்துபோடாதேங்கோ."

மறக்கமாட்டேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் கணவன் ஜனார்த்தனனிடம், "இண்டைக்கு ஒரு ஆள் பிறந்திருக்கு" என்றாள். அவன் குளியலறைகளுக்கு மாபிள் பதிக்கிற வேலைக்காரன்; சொந்தமாக ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவன். முழங்கால் மூட்டுகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "அந்த ஆளுக்கும் சேத்தோ நான் சமைக்கவேணும்?" என்று கேட்டான்.

இரண்டு வருடம் நல்லபடி போயிற்று. கோணேஸ்வரி கம்பனியிடம் சம்பளம் வாங்கினாள். ஓய்வுக்காலத்துக்கு வேண்டியது சம்பளத்தில்தான் சேரும் என்று யூஜினி சொல்லியிருந்தாள். மீதி கம்பனியின் கணக்கில் கிடந்தது. அது தன் கண்ணுக்கு முன்னால் இருந்தும் தன்னுடையது இல்லை என்பது அவளுக்குச் சில நாட்களில் பெருமையாகவும் சில நாட்களில் எரிச்சலாகவும் இருந்தது.

மகள் அட்சயா வயதுக்கு வந்து பெரியபிள்ளையானபோது எரிச்சல் வென்றது. சாமத்திய வீட்டுச் சடங்குக்கு ஹோல் பிடிக்கவேண்டும். நல்ல ஹோல் ஒன்று கைநழுவப் போகிறது, அன்றே அட்வான்ஸ் கட்டவேண்டும் என்றார்கள். கைப்பையில் முதலில் அகப்பட்டது கம்பனியின் கார்ட். நீட்டிவிட்டாள்.

அடுத்த முறை கணக்குப் பார்க்கும்போது யூஜினி பேனையை மூடினாள். திறக்கவில்லை.

"இது என்ன அக்கா, ஹோலுக்கு?"

"அட்சயாவின்ர சாமத்திய வீட்டுக்கு."

"கம்பனிக்கு மகள் இல்லையே அக்கா."

கோணேஸ்வரி, "என்ர கம்பனிதானே" என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். யூஜினி குரலை உயர்த்தவில்லை. இதைக் கம்பனியின் செலவென்று எழுதமுடியாது, கம்பனியிடம் கோணேஸ்வரி பட்ட கடன் என்று எழுதலாம், சட்டம் சொல்லும் தவணைக்குள் திருப்பிக் கட்டாவிட்டால் அது முழுவதும் அவளுடைய வருமானமாகி வரி வரும் என்று விளக்கினாள்.

"எடுத்து ஒளிச்சாத்தான் பிழை. எழுதிப்போட்டு எடுத்துத் திருப்பிக் குடுத்தா, கடன் வாங்கின மனுசர்தான்" என்றாள்.

சாமத்திய வீட்டில் குதிரை வண்டி இல்லை, மேலே சுற்றிப் படம் எடுக்கிற டிரோன் இல்லை. அட்சயா இரண்டு நாள் கதைக்கவில்லை. கோணேஸ்வரி சொந்தக் கணக்கிலிருந்து அந்தப் பணத்தைக் கம்பனிக்குத் திருப்பி அனுப்பினாள். அனுப்பிய நிமிடத்தில், கண்டிப்பான, ஆனால் நியாயமான ஒருவருக்கு முன்னால் நிற்பதுபோல நெஞ்சுக்குள் ஓர் ஒடுக்கம் வந்தது. இனி அந்தக் கணக்கைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஒடுக்கம் வரும்.

அடுத்த இலையுதிர் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை சுட்டுக்கொண்டிருந்தவள் அடுப்படியில் விழுந்தாள். வலிப்பு. அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை, குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது ஜனார்த்தனன் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். டொக்டர் எல்லாப் பரிசோதனைகளையும் பற்றிச் சொன்னார். பிறகு, இதை வீதிப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டியது தன்னுடைய சட்டக் கடமை என்றார். ஆறு மாதமாவது வலிப்பு வராமல் இருந்தால்தான் லைசன்ஸ் திரும்பக் கிடைக்கும்.

லைசன்ஸ் இல்லாதவள் பழக்கவும் முடியாது. கோணேஸ்வரி கட்டிலில் கிடந்து முதலில் நினைத்தது பிள்ளையை அல்ல, கணவனை அல்ல, அந்த எண் பெயரைத்தான். அதுவும் தன்னோடு விழுந்துவிடும் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் யூஜினிக்குப் போன் எடுத்தாள்.

"வேலையில்லாதவைக்கு அரசாங்கம் குடுக்கிற காசு எனக்கு வருமோ?"

"வராது அக்கா. கம்பனி உங்கட கையில இருக்கிறபடியா உங்களுக்கு அது பொருந்தாது."

கோணேஸ்வரி போனைப் பிடித்தபடி மேசையில் கிடந்த வீட்டுக் கடன் கடிதத்தைப் பிரித்தாள்.

"ஆனா இதுதான் எடுக்கிற வருசம்" என்றாள் யூஜினி. "விட்டுவைச்ச லாபம் அப்பிடியே கிடக்கு. சம்பளத்தை நிப்பாட்டுவம். பங்குக்காரி எண்ட முறையில கம்பனி உங்களுக்கு லாபத்தைப் பிரிச்சுத் தரட்டும். வேற வருமானம் குறையிற வருசம், உங்களுக்கு வாற வரி நல்லாக் குறையும்."

அப்படியே நடந்தது. மாதத்தின் முதல் நாள் கம்பனியின் கணக்கிலிருந்து அவளுடைய கணக்குக்குப் பணம் வந்தது. பிரசாந்தினி பழக வந்தவர்கள் எல்லோரையும் தன் கையில் எடுத்தாள். பின்னேரங்களில் போன் செய்து, "அக்கா, மரியம்மா பாஸ் பண்ணிப்போட்டா, உங்களிட்டச் சொல்லச் சொன்னவ" என்பாள். வீட்டுக் கடன் தவணை கட்டப்பட்டது. குளிருக்குப் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினார்கள். கோணேஸ்வரி யன்னலோரம் இருந்து, எதிர்வீட்டுக்காரர் பனி தள்ளுவதைப் பார்த்தபடி யோசிப்பாள். ஒரு மனிசி விழுந்து கிடக்கிறாள். அவள் உண்டாக்கிய, கண்ணுக்குத் தெரியாத ஒன்று எழும்பி நின்று அவளுக்குச் சோறு போடுகிறது. எங்கோ தலைநகர் ஒட்டாவாவில், அவளை ஒருநாளும் காணாத யாரோ ஒருவர், இப்படி ஒருத்தி ஒரு வருடம் விழக்கூடும் என்று யோசித்து எழுதிவைத்ததுபோல இருந்தது. யூஜினியிடம் சொன்னால் அவள் சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

மறுவருடம் கம்பனியின் வரிக் கணக்கில் கையெழுத்துப் போடப் போனாள். அவள் ஸ்டியரிங்கைத் தொடாத மாதங்களும் அதற்குள் இருந்தன. அப்படியிருந்தும் கம்பனிக்குச் சின்னதாக ஒரு லாபம் நின்றது. வரியும் இருந்தது.

"உவரும் வரி கட்டவேணுமோ, இந்த வருசத்துக்கும்?" என்று அந்த எண் பெயரைக் காட்டிக் கேட்டாள்.

"லாபம் வந்தாக் கட்டத்தானே வேணும்."

கோணேஸ்வரி பேனையை வாங்கினாள். வரி கட்டுவதில் சந்தோசம் வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள். பெயரை மெதுவாக, முழுதாக எழுதினாள்.

வசந்தத்தில் லைசன்ஸ் திரும்பி வந்தது. அந்த வருடமே ஜனார்த்தனனும் கோணேஸ்வரியோடு யூஜினியிடம் வந்து உட்கார்ந்தான். தானும் கம்பனியாகப் பதியப் போவதாகச் சொன்னான்.

"அண்ணை, உழைக்கிறதில எவ்வளவு மிஞ்சுது?" என்று கேட்டாள் யூஜினி.

அவன் மனைவியைப் பார்த்தான். மனைவி காலண்டரைப் பார்த்தாள்.

"மிஞ்சிறதில்லை. வான் லீஸ், சாமான், வீட்டுச் செலவு, எல்லாம் போயிடும்."

"அப்ப உங்களுக்குக் கம்பனி வேண்டாம். விட்டுவைக்க ஒண்டுமில்லாட்டி அது சும்மா செலவு. அதுக்கு ஒரு வரிக் கணக்கு, உங்களுக்கு ஒரு வரிக் கணக்கு, எனக்கு ரெண்டு ஃபீஸ். இப்பிடியே சொந்தப் பேரில செய்யுங்கோ. வானுக்கும் சாமானுக்கும் ரசீதுகளை ஒழுங்கா வைச்சிருந்தாக் காணும்."

ஜனார்த்தனனுக்குப் பிடிக்கவில்லை. படி இறங்கும்போது, "உன்னைப்போல ஆக்களுக்குத்தான் எல்லாம்" என்று முணுமுணுத்தான். கீழே வந்தும் காரில் ஏறாமல் நின்றான்.

"மிஞ்ச வைச்சா யூஜினி பதிஞ்சு தருவாளோ?" என்றான் பிறகு.

"மிஞ்ச வைச்சுப் பாருங்கோ" என்றாள் கோணேஸ்வரி. அவளுக்கு நாலு மணிக்கு வெக்ஸ்போர்ட்டில் ஒரு பெண் காத்திருந்தாள். மூன்று தடவை தவறியவள், ஹைவேயில் ஏறவே பயப்படுகிறவள். கோணேஸ்வரி ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்து, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிவிட்டு, கணவன் ஏறிக் கதவைச் சாத்தும்வரை பொறுமையாக இருந்தாள்.